கீழ் ஹோஸ் குளிர்ந்திருந்த சனிக்கிழமைகள்

“மார்ச் 2, சனி. காலை 10.40. இரண்டாம் வளைவு. முள் சிவப்பில். மேல் ஹோஸ் தொட முடியவில்லை. கீழ் ஹோஸ் குளிர்ந்திருக்கிறது. அண்ணன் மூடியைத் திறக்கிறான்.”

வண்டி நோட்டில் என் கையெழுத்தில் இருக்கும் குறிப்பு இது. ‘திறக்கிறான்’ என்பதற்குப் பிறகு பேனா பக்கத்தின் ஓரம்வரை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. அந்த நொடியில் ரேடியேட்டர் மூடி அண்ணனின் கையைப் பிய்த்துக்கொண்டு பறந்தது. நனைத்த சாக்கை மேலே போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் திறந்தான். கொதிநீர் சாக்கைத் தூக்கி எறிந்துவிட்டு ஆள் உயரத்துக்கு எழும்பி அவனுடைய வலது முன்னங்கையிலும் கழுத்திலும் விழுந்தது. தோல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்துச் சுருங்கியது. அவன் அலறவில்லை. சீட்டுக்குப் பின்னால் கிடந்த ஜாக்கி லிவரை உருவிப் பானட்டை அடித்தான். தகரம் உள்வாங்கி, பெயின்ட் உதிர்ந்து, ஒரு முன்விளக்கு உடைந்து விழுந்த பிறகுதான் கையைப் பார்த்தான்.

அது பட்டாளத்தார் ஏலத்தில் கழித்துவிட்ட பழைய லாரி. நான்கு சக்கரமும் இழுக்கும். ஒற்றசேகரமங்கலத்துக்குக் கிழக்கே விளைகள் எனப்படும் ரப்பர்த் தோப்புகள் மலையோடு ஏறிப் போகிற இடத்தில், சாதாரண லாரிகள் ரோட்டோடு நின்றுவிடும். அதற்கு மேலே, பாறையும் செம்மண்ணும் மாறி மாறி வருகிற சரிவிலிருந்து, முறித்த மரத்தடிகளைக் கீழே கொண்டுவர இந்த மாதிரி வண்டிதான் வேண்டும். அண்ணனே முதலாளி, அண்ணனே டிரைவர். தடி ஏற்ற இரண்டு ஆட்கள் உண்டு. நான் பாறசாலையில் ஆதாரம் எழுதுகிறவன். நிலம் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் பத்திரம் எழுதிக் கொடுப்பது தொழில். சனிக்கிழமைகளில் ஆள் வரத்து குறைவு என்பதால் கடையை அடைத்துவிட்டு அண்ணனோடு போவேன். ஒரு பொருள் எந்தத் தேதியில் எந்த நிலையில் இருந்தது என்று எழுதாமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. அப்படித்தான் வண்டிக்கும் ஒரு நோட்டு போட்டேன்.

சூட்டின் கதை அந்த நோட்டில் மூன்று வாரம் முன்பே தொடங்குகிறது. பிப்ரவரி 10 அன்று, “ரேடியேட்டரின் அடி ஓரத்தில் கசிவு. நிமிடத்துக்குப் பதினொரு சொட்டு” என்று எழுதியிருக்கிறேன். பிப்ரவரி 17 அன்று, “கசிவு தானாகவே நின்றுவிட்டது.” அந்த ‘தானாகவே’யை இப்போது படிக்கும்போது என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது. கசிவு எதுவும் தானாக நிற்பதில்லை. பிப்ரவரி 24 அன்று காலையில் மறுபடி கசிந்தது, உச்சிக்குள் நின்றுவிட்டது, ஆனால் வெறும் வண்டிக்கே முள் முக்காலைத் தாண்டியது. அடுத்த சனிக்கிழமை மூடி பறந்தது.

அன்று வண்டி ஆறும்வரை தண்ணீர் சுமந்து தந்தவர் அந்த விளையின் வெட்டுக்காரர். செங்கல் என்கிற ஊர்ப் பக்கத்துக்காரர், ஐம்பதை ஒட்டிய வயது. ரப்பர் மரத்தின் பட்டையை வெட்டிச் சிரட்டையில் பால் எடுப்பது அவர் வேலை. இலை உதிர்கிற அந்த மாதங்களில் வழக்கமாக வெட்டை நிறுத்திவிடுவார்கள். முறிக்கப்போகிற மரங்கள் என்பதால், பட்டை முழுவதையும் உரித்துக் கடைசிச் சொட்டுவரை எடுத்துக்கொண்டிருந்தார். அவர் எடுத்து முடித்த வரிசையை மறுநாள் இயந்திர வாளால் வீழ்த்துவார்கள். நாங்கள் தடியைக் கொண்டுபோவோம். மலை முழுவதும் தீர்ந்தால் அவருக்கு அங்கே வேலை இல்லை.

“என்ன மொதலாளி, வண்டி சாயா போடுதாக்கும்? எனக்கொண்ணு கடுப்பத்துல,” என்று கடுந்தேநீர் கேட்டார் குடத்தை இறக்கிவைத்துக்கொண்டே.

“எலே, போயி உன் சிரட்டைய நக்கு,” என்றான் அண்ணன். வெந்த கையை வாளித் தண்ணீருக்குள் வைத்திருந்தான்.

“சிரட்டையில பாலு எங்க கெடக்கு? நீரு மரத்த மூட்டோட கொண்டு போறீரு. இனி நான் உம்ம லாரியத்தான் வெட்டிப் பாக்கணும், பாலு வருதான்னு.”

தடி ஏற்றுகிறவர்கள் சிரித்தார்கள். அண்ணன் வாளியை உதைத்துத் தள்ளினான். அவர் அதைப் பொருட்படுத்தாமல் என் பக்கம் திரும்பினார்.

“சாரே, என்னவாக்கும் எழுதுறீரு? என் கணக்கும் சேத்து எழுதும், நாலு குடம் வெள்ளம் சுமந்தான்னு.”

“எழுதியாச்சு.”

“கழுத்து வலிச்சுதுன்னும் எழுதும்.”

வண்டி ஆறிய பிறகு புதுத் தண்ணீர் நிரப்பி எடுத்தோம். நான் கீழே குனிந்து பார்த்தேன். அண்ணன் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் ரேடியேட்டரின் அடியிலிருந்து எஞ்சினுக்குப் போகிற கீழ் ஹோஸ், உறிஞ்சிய குழல் போல ஒட்டிப்போனது. காலை எடுத்ததும் மெல்ல ஊதியது. எஞ்சின் தண்ணீருக்காக இழுக்கிறது, ரேடியேட்டர் விடவில்லை என்று அதற்கு அர்த்தம். மேலே கொதித்துக்கொண்டிருக்கும்போது கீழே குளிர்ந்திருப்பதும் அதனால்தான். பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு வண்டிக் கையேட்டில் இதைப் படித்திருந்தேன். அண்ணனிடம் சொன்னேன்.

“அண்ணா, ரேடியேட்டர் உள்ள அடஞ்சிருக்கு. கழத்திப் பாக்கணும்.”

“எலே, ஆதாரம் எழுதுறவன் ஆதாரம் எழுது. ரேடியேட்டருக்குள்ள எல்லை அளக்காத.”

நான் மறுபடி சொன்னேன். பெல்ட்டை இறுக்குவதற்காக வைத்திருந்த ரப்பர் துண்டால் என் முழங்காலுக்குக் கீழே ஓங்கி ஒன்று விட்டான். நாற்பத்தெட்டு வயதுக்காரனை ஐம்பத்திரண்டு வயதுக்காரன் அடித்தது. தடி ஏற்றுகிறவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

அந்த வாரம் முழுவதும் அண்ணன் ரேடியேட்டரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தான். ஃபேன் பெல்ட் புதிது போட்டான். தண்ணீர் பம்பைக் கழற்றி மாட்டினான். சூடு குறைவாக இருக்கும்போது தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் மறிக்கிற தெர்மோஸ்டாட் வால்வைப் பிடுங்கி, “பனி பெய்யிற நாட்டுக்காரன் வச்சது, நமக்கு எதுக்கு” என்று வாழை மூட்டில் எறிந்தான். எங்கள் பக்கத்து டிரைவர்கள் எல்லாரும் செய்கிற காரியம்தான் அது. சில எஞ்சின்களில் அதை எடுத்துவிட்டால் ஒரு பங்குத் தண்ணீர் ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றிக்கொண்டிருக்கும். சூடு ஏறத்தான் செய்யும். இதுவும் கையேட்டில் இருந்தது. நான் சொல்லவில்லை. காலில் கன்றல் இன்னும் நீலமாக இருந்தது.

மார்ச் 9, இரண்டாம் சனி. முந்தின நாள் சிவராத்திரி. வெட்டுக்காரர் செங்கல் கோயிலில் கண்விழித்துவிட்டு நேராக விளைக்கு வந்திருந்தார். கண் சிவந்திருந்தது. பால் எடுத்த இரண்டு வாளிகளோடு ஷெட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தார்.

லாரியில் முழு லோடு. இரண்டாம் வளைவுக்கு முன்னால் ஒரு சிறிய ஏற்றம் உண்டு; அதைத் தாண்டினால் பிறகு இறக்கம்தான். ஏற்றத்தின் நடுவில் எஞ்சின் ஒரு சத்தம் போட்டது. இரும்பை இரும்பு கவ்விக்கொள்கிற சத்தம். அப்படியே நின்றுவிட்டது. பானட்டின் எல்லா இடுக்கிலிருந்தும் வெள்ளை ஆவி. எஞ்சின் செத்ததும் பிரேக்கின் பலம் பாதியாகிவிடும். வண்டி பின்னால் உருளத் தொடங்கியது. தடி ஏற்றுகிறவர்களில் ஒருவர் செங்கல்லைப் போல வெட்டிய ஒரு செம்பாறைத் துண்டை டயருக்கு அடியில் தள்ளினார். அது நொறுங்கியது. இரண்டாவது துண்டு தாங்கியது. வண்டி குலுங்கி நின்ற வேகத்தில் கயிறு அறுந்து மேல்வரிசைத் தடி ஒன்று சரிந்து, அவர் ஒரு நொடி முன்பு நின்ற இடத்தில் விழுந்து மண்ணைப் பிளந்தது. அவர் தரையில் உட்கார்ந்து தன் கால்களைத் தடவித் தடவிப் பார்த்தார்.

அண்ணன் குதித்து இறங்கினான். யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. கீழ் ஹோஸைப் பிடித்து இழுத்தான். கிளிப் துருப்பிடித்து இறுகியிருந்தது.

“கத்தி! எவன்ட்டயாவது கத்தி உண்டாலே?”

வெட்டுக்காரர் வாளிகளைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பிலிருந்த பால்வெட்டுக் கத்தியை எடுத்துப் பிடியை முன்னால் நீட்டிக் கொடுத்தார். “பாத்து மொதலாளி. கை வேவும்.”

அண்ணன் ஹோஸை அறுத்தான். முதலில் கொஞ்சம் கலங்கல் தண்ணீர். பிறகு ஒன்றுமில்லை. விரலை உள்ளே விட்டு இழுத்தான். வெள்ளையாக, முழம் நீளத்துக்கு, வேகவைத்த குடல் போல ஒன்று வந்தது. இழுக்க இழுக்க நீண்டது. விட்டால் சுருங்கியது. ரப்பர்.

எல்லாரும் அதைப் பார்த்தோம். பிறகு எல்லாரும், நானும்தான், வெட்டுக்காரரின் காலடியில் இருந்த பால் வாளிகளைப் பார்த்தோம்.

அவர் அண்ணனைத்தான் பார்த்தார். “நான் அன்னைக்கே…” என்று தொடங்கினார்.

ஜாக்கி லிவர் அவருடைய தாடையில் விழுந்தது. மணி 11.52. அவர் விழவில்லை, ஏதோ கேட்க வந்தவர் போலத் தலையைச் சாய்த்து நின்றார். இரண்டாவது அடி இடது தோளில், கழுத்தெலும்பின் மேல். அதன் சத்தம் காய்ந்த கிளை முறிவதிலிருந்து வேறுபட்டதாக இல்லை. கீழே விழுந்த பிறகு மூன்றாவது அடி முதுகில். வாளிகள் கவிழ்ந்து பால் சரிவில் ஓடியது. அவர் வாயிலிருந்து வந்த இரத்தம் அதில் கலக்காமல், தனியாக ஒரு கோடாக, பாலோடு கூடவே இறங்கிப் போனது. நான்காவது அடிக்கு ஓங்கும்போதுதான் தடி ஏற்றுகிறவர்கள் இருவரும் அண்ணனைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தார்கள். நான் நோட்டோடு நின்றேன்.

நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் முதல் கட்டுப் போட்டுத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பினார்கள். தாடை இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். கம்பி எடுக்கும்வரை அவரால் பேச முடியாது.

பேச முடியாத அந்த நாட்களில்தான் அண்ணனின் மனு காவல் நிலையத்துக்குப் போனது. மரத்தை முறிப்பதால் தொழில் போகிற ஆத்திரத்தில் வெட்டுக்காரர் ரேடியேட்டரில் ரப்பர் பாலை ஊற்றி வண்டியை நாசமாக்கினார். மலைச் சரிவில் நான்கு உயிருக்கு ஆபத்து உண்டாக்கினார். கேட்டபோது கத்தியை எடுத்தார். தற்காப்புக்காக அடிக்க நேர்ந்தது. அந்த மனுவை எழுதியது நான். அண்ணன் வாய்மொழியாகச் சொன்னான், நான் ஒழுங்குபடுத்தினேன். ‘தற்காப்பு’ என் சொல். பாலை அவர்தான் ஊற்றியிருப்பார் என்று நான் நம்பினேன். கத்தியை அவர் எடுத்துக் கொடுத்தார் என்பதையும் நான் கண்ணால் பார்த்திருந்தேன். இரண்டையும் ஒரே பேனாவால் ஒரே வேகத்தில் எழுதினேன். தடி ஏற்றுகிறவர்கள் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டார்கள். அந்த மனு நின்றால், உடைந்த தாடையோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறவர் குற்றவாளி ஆவார். வேறெந்த விளைக்காரரும் அவரை மரத்தில் கைவைக்க விடமாட்டார்.

அண்ணனின் வக்கீல் ஒரு காரியம் கேட்டார்: ரேடியேட்டரைத் திறந்து பார்க்கிற பணிக்காரரின் எழுத்துமூலமான கருத்து. மார்ச் 14, வியாழன், கழற்றிய ரேடியேட்டரை ஒரு ஆட்டோவில் ஏற்றி, பாறசாலையில் ரேடியேட்டர் வேலை மட்டும் செய்கிற ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் மேல்தொட்டியின் ஈயப் பற்றை உருக்கித் தட்டித் திறந்தார். உள்ளே குழாய்களின் வாய் எல்லாம் வெள்ளையாக மூடியிருந்தது. குறட்டால் ஒரு தகட்டை உரித்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“யாராக்கும் இத ஊத்தினது?”

“ஒரு வெட்டுக்காரன். வேணும்னே.”

“வேணும்னேயா?” அவர் சிரித்தார். “நாசமாக்கணும்னு நெனக்கியவன் ஒரு வாளிய கமத்திட்டுப் போவான். இது பாரும். அடியில பழுப்பு, அதுக்கு மேல மஞ்ச, அதுக்கு மேல வெள்ள. மூணு தடவ ஊத்தினது. மூணும் கொஞ்சம் கொஞ்சம். மருந்து குடுக்கிய மாதிரி.”

“மூணு தடவையா?”

“கசிவ அடைக்க ஊத்தினதாக்கும். மஞ்சப்பொடி போடுவானுவ, முட்ட வெள்ள ஊத்துவானுவ. நம்ம மலையில ஓட்டுறவனுக்கு ரப்பர் பாலு. சூட்டுல ஓட்டைய பிடிச்சு அடச்சிரும். பின்ன ஓட்டையோட நிக்குமா அது? எல்லாத்தையும் அடைக்கும். மாசத்துல ரெண்டு வண்டி இப்பிடி வரும். எல்லாவனும் பறயிறது ஒண்ணுதான், எவனோ சதி செஞ்சுட்டான்னு.” தகட்டை என் கையில் வைத்தார். “வண்டி யாருக்குள்ளதோ, அவனாக்கும் ஊத்தினது. என்ட்ட எழுத்து கேக்கண்டாம்.”

ஆட்டோ திரும்பி வருகிற வழியெல்லாம் தேதிகள்தான் மனதில் ஓடின. பிப்ரவரி 10 மாலை முதல் 17 காலைவரை லாரி மலையில் இல்லை. கிளச் வேலைக்காக அண்ணனின் வீட்டு முற்றத்தில் நின்றது. வெட்டுக்காரர் அந்தப் பக்கம் வந்ததே இல்லை. கசிவு நின்றது அந்த வாரத்தில்.

பிப்ரவரி 10 அன்று நடந்த ஒன்று நோட்டில் இல்லை. மலையிலிருந்து இறங்கும்போது அண்ணனின் கால்களுக்கு நடுவே, செய்தித்தாளில் சுற்றிய ஒரு குப்பி இருந்தது. வெட்டுக்காரர்தான் ஷெட்டிலிருந்து கொண்டுவந்து ஜன்னல் வழியாகக் கொடுத்தார். இருவரும் தாழ்ந்த குரலில் ஏதோ பேசினார்கள். தாள் கிழிந்த இடத்தில் வெள்ளையாகத் தெரிந்தது. கள் என்று நினைத்துக்கொண்டேன். அண்ணன் அப்போது சபைக் கமிட்டியில் இருந்தான். நாங்கள் மூன்று தலைமுறையாக மிஷன் சபைக்காரர்கள்; குடும்பத்தில் ஒருவன் குடிக்கிறான் என்பதைத் தேதியோடு எழுதிவைக்க எனக்கு மனம் வரவில்லை. சொட்டுகளை எண்ணி எழுதிய பக்கத்தில் குப்பியை விட்டுவிட்டேன். ரப்பர் விளையில் நின்றுகொண்டு, ரப்பர் வெட்டுகிறவர் தந்த வெள்ளைத் திரவத்தை ரப்பர் பால் என்று நினைக்கத் தோன்றவில்லை. அவமானம்தான் முதலில் தோன்றியது.

‘நான் அன்னைக்கே’ என்று அவர் தொடங்கிய வாக்கியத்தின் மீதி, ஊற்றினால் அடைக்கும் என்று சொன்னேனே என்பது, எனக்கு ஆட்டோவில் வைத்துப் புரிந்தது. அது முடிந்திருந்தால் தடி ஏற்றுகிறவர்களுக்கும் புரிந்திருக்கும்.

பிற்பகல் மூன்று மணிக்கு அண்ணனின் வீட்டு முற்றத்தில் தகட்டை அவன் முன்னால் நீட்டினேன்.

“மூணு தடவ ஊத்தினது, அண்ணா. முதல் தடவ வண்டி இங்க நின்னுது.”

அவன் தகட்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். “ஆருட்ட சொன்ன?”

“ஒருத்தர்ட்டயும் இல்ல.”

“சொல்லண்டாம்.”

“மனுவ திருப்பி வாங்கணும். இல்லேன்னா நான் சொல்லுவேன்.”

அவன் கை என் சட்டைக் காலரைப் பிடித்தது. மற்ற கையால் அடித்தான். என் மேல்வரிசைப் பல் ஒன்று உள்பக்கமாக மடிந்தது. லாரியின் டயரோடு என்னைச் சாய்த்துத் தொண்டையை அழுத்தினான். வெந்து பொருக்குத் தட்டியிருந்த அவன் முன்னங்கை என் கண்ணுக்கு நேரே இருந்தது. அழுத்தியதில் பொருக்கு வெடித்து நீர் வடிந்தது. அவன் அழுதுகொண்டிருந்தான் என்று பிறகுதான் கவனித்தேன். வண்டி போனது, வெந்த கை போனது, இனி உன்னாலே மானமும் போக வேண்டுமா என்று கேட்டான். இதே முற்றத்தில் சிறு வயதில் என்னை அடித்தவனும் இவன்தான். அப்போதெல்லாம் நான் அப்பாவிடம் சொன்னதில்லை.

அண்ணி ஓடிவந்து அவன் முதுகில் விறகுக் கட்டையால் அடித்தாள். அதன் பிறகுதான் கை தளர்ந்தது.

“ஊத்தினது நான்தான்,” என்றான் மூச்சு வாங்கிக்கொண்டு. “தந்தது அவன். ஆசிட் குப்பியில தந்தான். கழுவாத்த குப்பி. அதாக்கும் கட்டியா போச்சு. சும்மா பாலு இப்பிடிக் கட்டாது. இப்ப எழுதுலே, எழுது!”

ரப்பர் ஷீட் அடிக்கும்போது பாலை உறைய வைக்க ஆசிட் சேர்ப்பார்கள். ஷெட்டில் அந்தக் குப்பிகள் எப்போதும் கிடக்கும். அது உண்மை.

மறுநாள், மார்ச் 15, வெள்ளி, வீங்கிய வாயோடு காவல் நிலையத்துக்குப் போனேன். குப்பி, தேதிகள், மூன்று அடுக்கு, கத்தியைப் பிடி முன்னால் நீட்டிக் கொடுத்தது, பாதியில் நின்ற வாக்கியம், மூன்று அடி எல்லாவற்றையும் சொன்னேன். அதிகாரி என் வாயைப் பார்த்தார்; கேட்கவில்லை. பழைய மனுவை எடுத்து மேசையில் வைத்தார்.

“ஈ பராதி எழுதியதும் தான் தன்னெயல்லே?” இந்தப் புகாரை எழுதியதும் நீதானே என்று மலையாளத்தில் கேட்டார்.

“ஆமா. நான்தான் எழுதினேன்.”

“அப்போ ஏதா சரி?”

“இன்னைக்குச் சொன்னது.”

அவர் எழுதத் தொடங்கினார். வெட்டுக்காரர் மேலிருந்த புகார் விழுந்தது. அண்ணனை ரிமாண்டில் கொண்டுபோனார்கள். இப்போது ஜாமீனில் வெளியே இருக்கிறான். ஒரே சபையில் இரண்டு ஓரத்தில் உட்காருகிறோம். அண்ணி என்னோடு பேசுவதில்லை. தடி ஏற்றுகிறவர்கள் வேறு வண்டிக்குப் போய்விட்டார்கள். போவதற்கு முன் அவர்களில் ஒருவர் பாறசாலைச் சந்தியில் வைத்து, “கூடப்பொறந்தவன காட்டிக் குடுத்த நாற எழுத்துக்காரன்” என்று எல்லாரும் கேட்கச் சொன்னார்.

ஏப்ரல் 27, சனி. தாடைக் கம்பியை எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, செங்கலில் இருந்த வெட்டுக்காரரின் வீட்டுக்குப் போனேன். வாசலில் அவர் மனைவி நின்றார்.

“எழுத்துக்காரரா? உள்ள வரண்டாம். அங்கேயே நில்லும்.”

“நின்னு எழுதுறது அவருக்குப் பழக்கந்தான்,” என்றது உள்ளிருந்து ஒரு குரல். அவர் எழுந்து வந்தார். முகத்தின் கீழ்ப்பாதி ஒரு பக்கமாக இழுத்திருந்தது. பற்களைத் திறக்காமலே பேசினார். இடது கை தோளுக்கு மேல் எழவில்லை. கதவு நிலையை வலது கையால்தான் பிடித்தார்.

“புகார் போயிட்டு,” என்றேன்.

“தெரியும். போலீஸ் சொல்லிச்சு. எத்தன அடின்னு சொன்னீரு?”

“மூணு.”

“சரியாக்கும். ஒண்ணாம் அடிக்கும் ரெண்டாம் அடிக்கும் எடையில நான் ஆரப் பாத்தேன்னு தெரியுமா? உம்மத்தான். நீரு வாட்ச்ச பாத்தீரு.” வாயோரம் வடிந்த எச்சிலைத் தோளில் துடைத்தார். “எண்ண எடுத்த நேரத்துல அவன் கையப் பிடிச்சிருக்கலாம்லா, சாரே?”

அப்படியே திரும்பியிருக்கலாம். ஆனால் வழக்கில் அண்ணனின் வக்கீல் இப்போது சொல்வது ஆசிட் குப்பியைப் பற்றித்தான். பால் கொடுத்தவரே உறையவைக்கும் ஆசிட்டையும் தெரிந்தே கலந்து கொடுத்தார் என்று ஆக்கப் பார்க்கிறார்கள். அதனால் கேட்டேன்: அன்று தந்த குப்பி எதிலிருந்து எடுத்தது, கழுவியதா?

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோபம் இல்லை. ஏதோ கணக்குப் போடுகிறவர் போல இருந்தது. அவர் மனைவிதான் முன்னால் வந்தார்.

“ஆசிட் உண்டுன்னே வச்சுக்கிடும். உண்டுன்னா? மனுசன் தாடைய உடைக்கலாம்னு உம்ம புஸ்தகத்துல உண்டா? எறங்கும் முத்தத்த விட்டு!” கையில் இருந்த சொம்புத் தண்ணீரை என் காலில் வீசினார். குளிர்ந்த தண்ணீர்தான். இருந்தும் நான் பின்னால் துள்ளினேன். அதைப் பார்த்து வெட்டுக்காரர் முதல் முறையாக, வாய் திறக்க முடியாமல், மூக்கால் சிரித்தார். பிறகு கதவைச் சாத்தினார்கள்.

குப்பி கிடைக்கவில்லை. அண்ணன் அதை முற்றத்துக்குப் பின்னால் எறிந்ததாகச் சொல்கிறான். நான் போய்த் தேடினேன், இல்லை. ஹோஸிலிருந்து வந்த ரப்பரில் ஆசிட் இருந்ததா என்று யாரும் பரிசோதிக்கவில்லை. காவல் நிலையத்தில் அது சுருங்கிக் கறுத்துவிட்டதாகக் கேள்வி. சூட்டில் வெறும் பாலே அப்படிக் கட்டும் என்று ரேடியேட்டர் பணிக்காரர் சொல்கிறார். ஆசிட் இல்லாமல் கட்டாது என்று அண்ணன் சொல்கிறான். வெட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. பிப்ரவரி 10 அன்று அந்தக் குப்பியில் முன்பிருந்த ஆசிட் மிச்சம் இருந்ததா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதி செய்யப்படவில்லை.